சுவரைத் திரும்பிப் பார்த்தவர்

ஒரு டிசம்பர் ஞாயிறு. எங்கள் ஊரில் பேஸ்பால் ஆட வந்திருந்த அணியில், மைதானத்தின் நடுக்கோடியில் நின்று பந்து பிடிக்கும் நடுக்களக்காரனுக்குக் கையுறையின் வார் அறுந்துபோனது. அவன் புதியவன். மேலாளரிடம் சொன்னால் வேறு ஆளை இறக்கிவிடுவார்கள் என்ற பயத்தில், ஷூ கயிற்றை அவிழ்த்துக் கையுறையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஒரு பந்து அதிலிருந்து நழுவி விழுந்தது. அடுத்த முறை இரண்டு அணிகளும் இடம் மாறும்போது எங்கள் நடுக்களக்காரர் ஒராசியோ லிபர்ட் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. தன் கையுறையைக் கழற்றிப் புல்லில் போட்டுவிட்டு உள்ளே போனார். அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் அப்படிப் போட்டுவிட்டுப் போவது வழக்கம்தான், அதனால் யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பையன் இரண்டு பக்கமும் பார்த்தான். குனிந்து எடுத்து மாட்டிக்கொண்டான். அவன் முறை முடிந்ததும் அதே இடத்தில் போட்டுவிட்டுப் போனான். ஆட்டம் முழுவதும் ஒரே கையுறையை இரண்டு எதிரிகள் போட்டுக்கொண்டார்கள். அதை வைத்தே அவன் எங்கள் ஆட்கள் அடித்த நல்ல அடி ஒன்றைப் பிடித்துவிட்டான்.

சுவருக்குப் பின்னால் இருந்த நான் ஒருவன்தான் அதைப் பார்த்தேன். வேறு யாராவது பார்த்திருந்தால், கையுறைக்குள் என்ன வைத்துக் கொடுத்தான் என்றுதான் கேட்டிருப்பார்கள். எங்கள் ஊர் அப்படி.

என் பெயர் நத்தானியேல். டொமினிக்கன் குடியரசின் தெற்குக் கரையில் புவெர்ட்டோ சலாடோ எங்கள் ஊர். அப்போது மைதானத்தின் எண்பலகை என் பொறுப்பில் இருந்தது. நடுக்களத்துச் சுவருக்குப் பின்னால் ஒரு தகர அறை. அதில் நின்று தகடுகளை மாட்டி, ஓட்டம் மொத்தம் எத்தனை, எத்தனை பேர் ஆட்டமிழந்தார்கள் என்று ஊருக்குக் காட்ட வேண்டும். தகடு இல்லாத ஓட்டை வழியாகத்தான் நான் ஆட்டம் பார்ப்பேன். அதனால் என் கண்ணுக்கு எப்போதும் தெரிந்தது ஒராசியோ அண்ணனின் முதுகு. சிலரை முகத்தைப் பார்த்து அறிகிறோம். நான் அவரை முதுகைப் பார்த்து அறிந்தேன்.

அவருடைய தாத்தாவும் என் தாத்தாவும் நெவிஸ் தீவிலிருந்து ஒரே பாய்மரக் கப்பலில் கரும்பு வெட்ட வந்தவர்கள். இப்படித் தீவுகளிலிருந்து வந்த எங்கள் ஆட்களைக் கோகோலோ என்று ஊரார் கேலி செய்வார்கள். இப்போது நாங்களே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம். சாந்தா ரூஃபினா சர்க்கரை ஆலைக் குடியிருப்பில் அண்ணன் பிறந்தார். சாக்குத் துணியில் தைத்த கையுறையோடு ஆடத் தொடங்கியவரை, பத்தொன்பது வயதில் அமெரிக்காக்காரர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு அழைத்துப் போனார்கள். அங்கே கீழ்நிலை அணிகளில் பல கோடைகள் ஆடினார். உணவு விடுதிக்குள் கறுப்பரை விடாத ஊர்களில் பஸ்ஸிலேயே உட்கார்ந்து ரொட்டி தின்றார். பெரிய லீக் என்று சொல்கிறார்களே, அதன் வாசலைக் கடைசிவரை மிதிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஊருக்கு வந்து எங்கள் பச்சைத் தொப்பி அணிக்கு நடுக்களத்தில் நிற்பார். அதுதான் அவருடைய சம்பளம், பெருமை, எல்லாம்.

பந்து மட்டையில் பட்ட உடனே அவர் ஓடத் தொடங்கிவிடுவார். எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரிந்தவர் மாதிரி. நாங்கள் வியந்தோம். வயதாகி, கால் தளர்ந்த பிறகும் அதே மாதிரி போய் நின்றபோது வியப்பு போய்ச் சந்தேகம் வந்தது.

அதற்குக் காரணம் அவரேதான். பலமாக அடிக்கக்கூடியவன் மட்டையோடு வந்தால், ஒராசியோ அண்ணன் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, என் எண்பலகைக்கு மேலே பார்ப்பார். தொப்பியைத் தூக்கி நெற்றியைத் துடைப்பார். பிறகு நாலு அடி முன்னாலோ பின்னாலோ நகர்ந்து நிற்பார். எந்த ஆட்டக்காரரும் அப்படிச் செய்வதில்லை.

வெயில் பக்கத்துப் படிக்கட்டில் பந்தயம் கட்டுகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் விரலாலும் புருவத்தாலும் பேசுகிறவர்கள். ஆகவே மற்றவர்கள் மூக்கைச் சொறிந்தாலும் அவர்களுக்கு அது பேச்சு.

சிப்ரியான் என்ற பந்தயக்காரன் ஒரு நாள் என் அறைக் கதவைத் தட்டினான்.

"நாத்தோ, உள்ள இன்னும் யார் இருக்கா?"

"கர்த்தர் இருக்கார். வேற யாரும் இல்ல."

"கர்த்தர் தூரக் கண்ணாடி வச்சிருக்காரா? மட்டைக்காரனுக்குப் பின்னால உக்காந்து பந்து பிடிக்கிறவன் எறியிறவனுக்குக் காட்டுற விரலை நீ இங்கேருந்து பாத்து அவனுக்குச் சொல்றியாமே."

"எனக்குக் கிட்டத்துப் பார்வையே சரியில்ல. போன வாரம் ஆறைத் தலைகீழா மாட்டிட்டேன், நீங்கதானே சிரிச்சீங்க?"

"அதான் சந்தேகம். ஆறா ஒன்பதான்னு அவனுக்குச் சேதி சொன்னியோ என்னமோ."

அடுத்த ஞாயிறு நடுவர்களே வந்து அறையைச் சோதனை போட்டார்கள். என் பாட்டுப் புத்தகத்தை உதறினார்கள். தண்ணீர்ப் பானைக்குள் கை விட்டார்கள். பூஜ்யத் தகடுகளுக்கு நடுவில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழி ஒன்று தலைமை நடுவரின் கையைக் கொத்தியது. அது மட்டும்தான் அவர்களுக்குக் கிடைத்தது.

எனக்கும் சந்தேகம் வந்தது. அவர் பார்த்தது என்னை அல்ல, என் தலைக்கு மேலே. அப்படியானால் என் பின்னால் யார்? ஒரு இடைவேளையில் பின்கதவைத் திறந்து பார்த்தேன். சந்து. சந்தின் ஓரம் ஒரு பெரிய ஈரப்பலா மரம். மரத்துக்குப் பக்கத்தில் விதவை தோமாசினாவின் வீடு. கொடியில் சிவப்புப் பாவாடை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. மரத்துக்கு அப்பால் கரும்புக் காடு, அதற்கும் அப்பால் ஆலை. அந்த ஞாயிறு சிவப்பு, அடுத்த ஞாயிறு வெள்ளை. மனம் எங்கெல்லாமோ போனது. அவருடைய மனைவி எனெலியா அக்கா எங்கள் சபையில் முன்வரிசையில் உட்கார்ந்து பாடுகிறவர். முழங்காலில் நின்று ஜெபித்தேன், அந்த எண்ணம் போகவில்லை. நேராகக் கேட்டுவிட்டேன்.

"அண்ணே, ஆட்டத்து நடுவுல எதைப் பாக்குறீங்க?"

"உன் பலகையைத்தான் தம்பி. நீ கணக்கைச் சரியா மாட்டுறியான்னு."

"பலகைக்கு மேல பாக்குறீங்க."

"அப்ப உனக்கும் பந்தயக்காரன் புத்தி வந்துடுச்சு. போ, போய் ஆறை நேரா மாட்டு."

சிரித்துக்கொண்டே சொன்னார்.

அந்தக் குளிர்காலத்தில், ஜனவரிக் கடைசியில் இறுதி ஆட்டம். அண்ணனுக்கு அது ஆட்டக்காரராகக் கடைசி ஞாயிறு என்று எல்லோருக்கும் தெரியும். அணியை நடத்துகிற சங்கத்தின் தலைவர் தோன் இக்னாசியோ, ஆலையின் நிர்வாகியும் அவர்தான், ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். பந்தயக்காரர்களோடு சம்பந்தம் என்ற பேச்சு பொய் என்று ஆகிவிட்டால், அடுத்த குளிர்காலத்திலிருந்து ஒராசியோவுக்குப் பயிற்சியாளர் வேலை. பேச்சு உண்மையென்றால் லீக்கின் சட்டம் எல்லோருக்கும் தெரிந்தது. ஆயுளுக்கும் தடை. காசு கொடுத்துச் சீட்டு வாங்கிக்கூட மைதானத்துக்குள் நுழைய முடியாது. நாற்பதை நெருங்கிய, பந்து பிடிப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதருக்கு அது எப்படிப்பட்ட தண்டனை என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைசிச் சுற்று. நாங்கள் ஒரு ஓட்டம் முன்னால். எதிரணியில் இருவர் ஆட்டமிழந்துவிட்டார்கள், இருவர் ஓடக் காத்து நிற்கிறார்கள். இன்னும் ஒருவனை வீழ்த்தினால் கோப்பை எங்களுக்கு. மட்டையோடு வந்தவன் எருது மாதிரி தோள் உள்ளவன். அவனுக்கு எந்த நடுக்களக்காரனும் பின்னால்தான் தள்ளி நிற்பான்.

ஒராசியோ அண்ணன் திரும்பினார். மேலே பார்த்தார். நெற்றியைத் துடைத்தார். பிறகு முன்னால் போனார். பத்தடிக்கும் மேல் முன்னால்.

படிக்கட்டில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது எனக்கே கேட்டது. மேலாளர் தாமாசோ கையை ஆட்டிப் பின்னால் போகச் சொன்னார். அண்ணன் அசையவில்லை.

பந்து உயரமாக எழுந்தது. பார்த்தபோது நடுக்களத்தின் பாதித் தூரத்தில் விழும் போலத்தான் இருந்தது. ஆனால் மேலே போனதும் யாரோ உள்ளங்கையில் ஏந்தித் தள்ளுகிற மாதிரி அது வந்துகொண்டே இருந்தது. அண்ணன் திரும்பி ஓடி வந்தார். ஆட்டத்துக்கு நடுவில் அவர் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் அன்றுதான் பார்த்தேன். பந்து அவர் விரல் நுனிக்கு மேலே போய், என் ஓட்டைக்குக் கீழே சுவரில் மோதியது. ஓடக் காத்து நின்ற இருவரும் ஓடி முடித்துவிட்டார்கள், கோப்பை போயிற்று. அவர் பந்தை எடுத்து எறிந்த பிறகும் சுவருக்கு மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார், கன்னத்தில் அறை வாங்கியவர் மாதிரி.

"வித்துட்டான், வித்துட்டான்" என்று வெயில் படிக்கட்டு முழுவதும் ஒரே தாளத்தில் கத்தியது. பாட்டில்கள் பறந்தன.

நான் மிச்சத் தகடுகளை மாட்டவில்லை. பின்கதவைத் திறந்து வெளியே வந்தேன். சந்தில் ஈரப்பலா மரத்தடியில் ஒரு இரும்புப் பீப்பாய். அதில் ஈரமான கரும்புச் சக்கை புகைந்துகொண்டிருந்தது. கண் எரிகிற வெள்ளைப் புகை. பக்கத்தில் முகமெல்லாம் கரியோடு ஃபெர்மின். எனெலியா அக்காவின் அண்ணன், ஆலைக் கொதிகலனில் தீ போடுகிறவன்.

"நாத்தோ, என்ன சத்தம் அது? ஜெயிச்சிட்டோமா?" என்று கேட்டான்.

"எவ்வளவு குடுத்தாங்க ஃபெர்மின்?"

"யாரு? என்ன குடுத்தாங்க?"

"இந்தப் புகையைப் போடுறதுக்கு."

"என்ன பேசுற? அவருக்காகத்தான் போட்டேன். அவர் புகையைப் பாத்துத்தான் நிப்பார், உனக்குத் தெரியாதா? உங்க மைதானத்துக்குள்ள காத்து அடிக்குமா, கிணறு மாதிரி இருக்கு. மேல என்ன காத்துன்னு இந்த மரத்துக்கு மேல தெரியுற ஆலைப் புகைதான் அவருக்குச் சொல்லும். வேற எவனுக்கும் தெரியக் கூடாதுன்னு எனக்கு மட்டும் சொல்லியிருந்தார். ஞாயித்துக்கிழமை நான் புகை குறையாமப் பாத்துக்குவேன். இன்னிக்கு மத்தியானம் குழாய் வெடிச்சு ஆலை நின்னுபோச்சு. புகை இல்லாம அவர் என்ன செய்வார்? அதான் சக்கையைத் தூக்கிட்டு ஓடியாந்தேன். தெரிஞ்சுதா அவருக்கு? நல்லாத் தெரிஞ்சுதா?"

நான் புகையைக் காட்டினேன். கடற்காற்று மைதானத்தைத் தாண்டி வந்து, உயரமான சுவரைக் கடந்ததும் சுருண்டு கீழே இறங்கித் திரும்புகிறது. அந்தப் புகை சுவரை நோக்கி, மைதானத்தின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. மேலே உண்மையான காற்று அதற்கு நேர் எதிராகக் கரும்புக் காட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மரத்துக்கு மேலே எழுந்த அந்தப் புகையை அண்ணன் ஆலைப் புகை என்று எடுத்துக்கொண்டார். காற்று உள்ளே வீசுகிறது, பந்து முன்னால் விழும் என்று கணக்குப் போட்டார்.

ஃபெர்மின் அதைப் பார்த்தான். மெதுவாகப் புரிந்தது அவனுக்கு. பீப்பாய் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

பாட்டிலுக்குப் பயந்து அண்ணனை என் அறை வழியாகத்தான் வெளியே அனுப்பினார்கள். வந்தவர் பீப்பாயைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். என் தண்ணீர்ப் பானையை எடுத்து வந்து நெருப்பில் கவிழ்த்தார்.

"கொதிகலனை விட்டுட்டு வந்தியா?"

"குழாய் மாத்திக்கிட்டிருந்தாங்க மச்சான். யாரும் பாக்கல."

"பாத்திருந்தா வேலை போகும். வேலை போனா ஆலை வீடும் போகும். உனக்கு நாலு பிள்ளைங்க. ஓடு."

"நான் போய் தோன் இக்னாசியோகிட்ட சொல்லிடறேன்."

"சொல்லு. உடைஞ்ச கொதிகலனை விட்டுட்டு ஓடிப்போனவன்னு அவரே உன்னை வெளிய தள்ளுவார். அப்புறம் எவன் உனக்குக் காசு குடுத்தான்னு விசாரிப்பார். ஓடுன்னா ஓடு."

ஃபெர்மின் போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ இதைப் பாக்கல."

"பாத்தேனே அண்ணே. பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய் வேணாம். கேட்டதுக்குப் பதில் சொல்லு. கேக்காததை எதுக்கு எடுத்துக் குடுக்கிற?"

செவ்வாய்க்கிழமை அணியின் அலுவலகத்தில் விசாரணை. தோன் இக்னாசியோ நடுவில், தாமாசோ பக்கத்தில், இன்னும் இரண்டு பெரிய மனிதர்கள். அண்ணன் தன்னிடம் இருந்த ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"உனக்கும் அவனுக்கும் ஏதாவது சைகை உண்டா?"

"இல்லீங்க ஐயா."

"அப்ப அவன் எதைப் பாத்தான்?"

நான் உண்மையைச் சொன்னேன். "புகையைப் பாத்தார் ஐயா. மேல காத்து எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்க ஆலைப் புகையைப் பாப்பார்."

தோன் இக்னாசியோ மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "எந்த ஆலை? மத்தியானமே குழாய் வெடிச்சு நின்னுபோச்சு. நான் அங்கேயே நின்னு கத்திக்கிட்டிருந்தேன். புகைபோக்கியில ஒரு பொட்டுப் புகை இல்ல. யாருப்பா உனக்கு இந்தக் கதையைச் சொல்லிக் குடுத்தது?"

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் மிச்சப் பாதியைச் சொல்லாமல் இந்தப் பாதி நிற்காது. அண்ணனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தபடி தலையை லேசாக, ஒரே ஒரு தடவை அசைத்தார். என் வாய் மூடிக்கொண்டது. உண்மையைச் சொன்ன நான்தான் அங்கே பொய்யன் மாதிரி நின்றேன்.

"நீ சொல்லு ஒராசியோ" என்றார் தாமாசோ. அவருக்குப் பாவமாக இருந்தது, குரலில் தெரிந்தது. "நான் கையைக் காட்டினேன்ல? ஏன் முன்னால போன?"

"கணக்குத் தப்பிடுச்சு தாமாசோ."

"உனக்கா? இத்தனை வருஷத்துல ஒரு தடவை தப்பலையே."

"அதான் இப்பத் தப்பிடுச்சு."

ஆயுள் தடை. வாசலில் நின்ற காவலாளி, அவர் வெளியேறும்போதே அவருடைய தொப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

பிறகு அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். ஊர் அவரை விடவில்லை. எனெலியா அக்கா கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கினால், அந்தப் பணம் என்றார்கள். வாங்காமல் கிழிந்த மெத்தையிலேயே படுத்தால், பதுக்கி வைத்திருக்கிறான் என்றார்கள். குற்ற உணர்ச்சி தாங்காமல் ஃபெர்மின் வாரம் தவறாமல் ஈரப்பலாவும் உப்பு மீனும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவான். பந்தயப் பணம் மச்சான் வழியாகத்தான் வருகிறது என்று அதற்கும் பேச்சு. கொடுப்பவன் ஏன் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறான் என்றும் கேட்டார்கள். அந்தக் கேள்வி மட்டும் சரியானது.

எல்லாவற்றையும்விட, அந்தச் சந்தேகம் வீட்டுக்குள்ளும் போயிருந்தது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நாத்தோ, கர்த்தர் சந்நிதியில நிக்கிறோம். அவர் வாங்கினாரா?"

"இல்லக்கா. ஒரு செப்புக்காசு இல்ல."

"அப்ப ஏன் முன்னால வந்தார்?"

நான் நின்றேன்.

"பாத்தியா, நீயும் அதே மாதிரி நிக்கிற. அவரும் இப்படித்தான் நிக்கிறார். அவரோட ஷூவுக்குள்ள கை விட்டுப் பாத்துட்டேன், நாத்தோ. பழைய மெத்தையைப் பிரிச்சுப் பாத்துட்டேன். வாங்கினார்னா கோபப்பட்டுட்டு மன்னிச்சுடுவேன். ஒண்ணும் தெரியாம எப்படி மன்னிக்கிறது?"

அன்று மாலை அவரிடம் போய்ச் சொன்னேன். "அக்காவுக்கு மட்டுமாவது சொல்லிடுங்கண்ணே. ஊர் எப்படியோ போகட்டும்."

அவர் வலைக்கயிறு போல ஏதோ ஒன்றை முறுக்கிக்கொண்டிருந்தார். "அவளுக்கு அப்பா அம்மா இல்ல. அவளை வளத்தவன் ஃபெர்மின். நான் நல்லவன்னு அவளுக்குக் காட்டணும்னா, அவனைக் கொண்டுபோய் நிறுத்தணும். அவன் வேணும்னே செய்யலன்னு நீ நம்புற, நான் நம்புறேன். அவளும் நம்புவாளா? ஒருவேளை அவன்தான் வாங்கியிருப்பானோன்னு ஒரு சந்தேகம் வந்துடுச்சுன்னா, அப்புறம் அது போகாது. எனக்குத் தெரியும். அப்படி ஒரு சந்தேகத்தோடதான் நான் குடும்பம் நடத்திக்கிட்டிருக்கேன்."

நான் அதற்குப் பிறகு எண்பலகை வேலையை விட்டுவிட்டுச் சபையின் தச்சு வேலைக்குப் போய்விட்டேன். அவர்கள் இருவரும் பிரியவில்லை, சண்டையும் போடவில்லை. அவர் சாப்பிட உட்கார்ந்தால் அக்கா எதிரில் உட்கார்ந்து பரிமாறுவார். நடுவில் திடீரென்று அவர் முகத்தையே உற்றுப் பார்ப்பார். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு எழுந்துவிடுவார். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் வளர்ந்து போனார்கள். ஃபெர்மின் நுரையீரல் கெட்டு இறந்தான். கடைசியில் அண்ணனைக் கூப்பிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதானாம். அக்கா அதையும் பார்த்துவிட்டு, இவர்களுக்குள் என்ன என்று என்னிடம் கேட்டார்.

இரண்டு பேருமே இப்போது கர்த்தரிடம் போய்விட்டார்கள், அண்ணன் முதலில், போன மே மாதம் அக்கா. அதனால்தான் எழுதுகிறேன். இதைச் சொல்வதால் இனி யாருடைய வேலையும் வீடும் போய்விடாது.

நான் அண்ணனைக் கடைசியாகப் பார்த்தது, சாந்தா குருஸ் தீவில் இருக்கும் மகளோடு போய் இருக்க அவர்கள் கிளம்பிய காலையில். தலைநகருக்குப் போகும் வண்டி வாசலில் நின்றது. அக்கா மூட்டைகளைக் கூரையில் ஏற்றும் ஓட்டுநரையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார், ஏதாவது எடுத்துவிடுவானோ என்று. அண்ணன் ஊன்றுகோலோடு என் பக்கத்தில் நின்றார்.

"அண்ணே, ஃபெர்மின் போயிட்டான்" என்றேன். "அவன் பிள்ளைங்க எல்லாம் நல்ல நிலைமையில இருக்காங்க. இப்பவாவது அக்காகிட்ட நான் சொல்லட்டுமா? உங்க பேரு ஒருத்தர்கிட்டயாவது சுத்தமாகட்டும்."

அவர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

"வேணாம் தம்பி. அவ என்னைச் சந்தேகப்பட்டே பழகிட்டா. புதுசா இன்னொருத்தரைச் சந்தேகப்பட அவளுக்கு இப்ப வயசு இல்ல."